முகம் கொடுத்தவன்

கணவாயில் சங்கிலி குறுக்கே கட்டியிருந்தது. லாரி நின்றது.

முக்பில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சந்தையிலிருந்து திரும்பப் பஞ்சர் கடை வாசலில் வண்டிக்குக் காத்து நின்றவனை அந்த லாரிக்காரன்தான் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டான். பெயர் ஷம்சான் என்றான். தெற்கே தைஸ் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. வழியில் தன் குப்பியிலிருந்து தண்ணீர் கொடுத்தான். மெல்லுவதற்குத் தன் காத் இலையில் பாதியைப் பிரித்துக் கொடுத்தான். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்று முக்பில் கேட்கவில்லை. ஏற்றிக்கொண்டவனின் சுமையைக் கிளறுவது மரியாதை இல்லை.

சங்கிலியருகே நின்றவர்கள் ஊர் இளைஞர்கள். முன்னால் நின்றவன் மஹ்யூப், முக்பிலின் தம்பி. என்ன சரக்கு என்று கேட்டான். செல்பேசிக் கோபுரத்துக்கு இரும்பு என்றான் ஷம்சான். தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னான் மஹ்யூப். கயிறு கட்டவே காலையெல்லாம் ஆனது என்று ஷம்சான் சிரித்தான். ஒருவன் அவன் பேசுவதைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருவன் துப்பாக்கிக் கட்டையால் கதவில் தட்டி, இறங்கு என்றான்.

முக்பிலுக்குக் காது சுட்டது. அந்த மனிதனின் தண்ணீர் இன்னும் தொண்டையில் ஈரமாக இருந்தது.

"தள்ளுங்கடா," என்றான். "இவரு என் முகத்துல வர்றாரு."

சிரிப்பு நின்றது. சங்கிலி கீழே விழுந்தது.

அந்த மலையில் யாரும் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஒருவனை என் முகத்தில் வருகிறான் என்று சொன்னால், திரும்ப எல்லையைத் தாண்டும் வரை அவன் உயிரும் உடைமையும் சொன்னவன் பொறுப்பு. சொன்னவன் கூடவே போனால் அதற்கப்பாலும் அப்படித்தான். அவனைத் தொட்டவன் சொன்னவன் முகத்தில் கரி பூசினான். உன் தகப்பனைக் கொன்றவனாகவே இருந்தாலும் அதுவரை தொடக் கூடாது. சந்தைக்குப் போனவனுக்கு இவ்வளவு பெரிய சொல் எதற்கு என்று மஹ்யூப் அண்ணனைப் பார்த்தான். ஆனால் கேட்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கினான்.

வீட்டுச் சந்து முனையில் முக்பில் இறங்கிக்கொண்டான். லாரி பள்ளிக்கூடத்து மேட்டைத் தாண்டி, கோபுரம் நிற்கக்கூடிய இடங்களையெல்லாம் தாண்டி, மேலே நாஜியின் படிவயலுக்குப் போனது. நாஜி முக்பிலின் மனைவிக்கு அண்ணன்.

முக்பில் தன் காத் மரங்களுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தார்ப்பாய் விலகியது. கோபுரம் போன்ற ஒன்று இருந்தது. அதன் அடியில் அடுக்கடுக்காகக் குழாய்கள். துளைமுனை வெயிலில் பளபளத்தது.

அது ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி.

அவன் அதை முன்பே பார்த்திருக்கிறான். பள்ளத்தாக்கின் கீழூரில் இப்படித்தான் முதலில் ஒன்று வந்தது. ஒருவன் ஆழப்படுத்தினான். பக்கத்துக்காரனின் கிணறு வற்றியதும் அவன் அதைவிட ஆழமாகப் போனான். அதற்குமேல் சூரியத் தகடுகள் வந்தன. டீசல் செலவுக்குப் பயந்து அளவாக ஓடிய மோட்டார்கள் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை ஓடின. மிஞ்சியதை நகரத்து டேங்கர்கள் வாங்கிக்கொண்டன. இப்போது கீழூரில் வாசல்களைக் கல்லால் அடைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆள் இல்லை. அனுமதி இல்லாமல் துளை போடக்கூடாது என்று தலைநகரில் சட்டம் உண்டு. அதைச் சொல்ல யாரும் இந்த மலை ஏறி வந்ததில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் இந்த ஊர் உடன்படிக்கை செய்தது. புதுத் துளை கிடையாது. இருப்பதை ஆழப்படுத்தக் கூடாது. டேங்கருக்கு விற்கக் கூடாது. மீறியவன் கிணற்றை ஊரே கல் போட்டு மூடும். ஒவ்வொரு வீட்டு ஆணும் இடுப்புக் கத்தியை உருவி ஷேக் ஹர்மலின் முன்னால் வைத்து ஒப்புக்கொண்டான். நாஜியும் வைத்தான்.

நாஜியின் வயல் ஊர்க் கிணற்றுக்கு மேலே இருக்கிறது. அங்கே துளை இறங்கினால் ஊர்க் கிணறு ஒரு கோடை தாங்காது. பெண்கள் குடத்தோடு நிற்கும் அந்த ஒரு கிணறு போனால் அடுத்து வாசல் அடைப்பதுதான்.

முக்பில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேலே போனான்.

நாஜி அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் கை போட்டான். குடிக்கக் காப்பித்தோல் கிஷ்ர் கொண்டு வரச் சொன்னான். முக்பில் உட்காரவில்லை. வண்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஷம்சானிடம் நேராகப் போய், தன்னைப் பஞ்சர் கடையில் ஏற்றிக்கொள்ளச் சொன்னது யார் என்று கேட்டான்.

ஷம்சான் கையைத் துணியில் துடைத்தான். நாஜியைப் பார்த்தான். பிறகு மறைக்கவில்லை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் நிற்பார், ஏற்றிக்கொள், பேச்சுக் கொடு, தண்ணீர் கொடு என்று சொன்னார்கள் என்றான். மற்றது எதுவும் தனக்குத் தெரியாது என்றான்.

"கோவிச்சுக்காத மாப்பிள்ள," என்றான் நாஜி. "சங்கிலியத் தாண்ட உன் முகம் தவிர எங்கிட்ட வேற சாவி இல்ல."

"கத்திய வச்சீங்களே மச்சான்."

"வச்சேன். என் கிணறு வத்துன மறுவருஷம் வச்சேன். உன் கிணத்துல தண்ணி கெடக்கு, உனக்கு உடன்படிக்கை இனிக்குது. என் மரம் எல்லாம் வெறகா நிக்குது. யாராவது ஒரு குடம் ஊத்துனீங்களா?"

 யாரும் ஊற்றவில்லை. அவனும் ஊற்றவில்லை. அவன் மரங்கள் கீழே பச்சையாக நின்றன, இங்கிருந்தே தெரிந்தது.

ஏமாற்றி வாங்கிய சொல் செல்லாது என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் நினைத்தான். ஆனால் யாரும் அவன் வாயைத் திறந்து சொல்லவைக்கவில்லை. அவனேதான் சொன்னான். அதைக் கேட்டுச் சங்கிலியை இறக்கியவன் தன் சொந்தத் தம்பி.

கீழிருந்து கூட்டம் வருவது தெரிந்தது. மஹ்யூப் முன்னால். சங்கிலியருகே நின்ற எல்லோரும் பின்னால். ஒருவன் கையில் பெட்ரோல் குப்பி. தார்ப்பாய் விலகியதை ஊரே பார்த்திருந்தது.

முக்பில் போர் வண்டிக்கு முன்னால் போய் நின்றான். துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான். தம்பி நின்றான்.

"வழிய விடுண்ணே."

"முடியாது."

"உனக்கும் இதுல பங்கா?"

"எனக்கு முகம் இருக்கு இதுல. நீதானே கேட்ட, நீதானே சங்கிலிய எறக்குன."

மஹ்யூப் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் முன்னால் வரவில்லை. யாரும் பின்னால் போகவுமில்லை. பெட்ரோல் குப்பி வைத்திருந்தவன் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். மஹ்யூபின் கண்களில் தண்ணீர் நின்றது. அண்ணன் சுட வேண்டி வந்தால் சுடுவான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முக்பிலுக்கும் தெரிந்திருந்தது. 

நாஜி மெதுவாக ஷம்சானிடம் வேலையை ஆரம்பிக்கச் சொன்னான். எஞ்சின் உறுமியது. கோபுரம் படுத்த நிலையிலிருந்து எழுந்து நிமிர்ந்தது.

ஷேக் ஹர்மல் அப்போதுதான் மேலே ஏறி வந்து சேர்ந்தார். பருத்த உடம்பு. மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டார். எஞ்சின் சத்தத்தில் எல்லோரும் கத்திப் பேச வேண்டியிருந்தது. பிறகு அவர் ஷம்சானைப் பார்த்துக் கையைக் காட்டினார். எஞ்சின் நின்றது.

உடன்படிக்கை உடன்படிக்கைதான், நாஜிக்குத் தண்டனை உண்டு என்றார். ஆனால் மூடுவதற்கு நாஜிக்குக் கிணறு இல்லை, அது ஏற்கனவே காய்ந்து கிடக்கிறது. இந்தத் தெற்கத்தி ஆளையோ அவன் வண்டியையோ தொட முடியாது. அவன் வேலை முடிந்து எல்லை தாண்டும் வரை முகம் நிற்கும். அதற்குள் துளை இறங்கிவிடும், முகத்தின் கீழ் இறங்கிய துளையைப் பிறகும் மூட முடியாது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முகத்தையே உடைத்தால் உடன்படிக்கை மட்டும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார்.

நாஜி அதைத்தான் கணக்குப் போட்டிருந்தான். முகத்தில் வெற்றி இல்லை. களைப்புதான் இருந்தது.

முக்பில் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

"ஷேக், ஒண்ணு கேக்கணும். என் முகத்துல இருக்கறவன் இந்த ஊர்ல ஒரு தப்புப் பண்ணினா, யாரு பொறுப்பு?"

"நீதான். இது கேக்கறதுக்கென்ன இருக்கு?"

"ஆட்டத் திருடினா?"

"ஆட்டுக்கு நீ ஈடு குடுக்கணும்."

"தொளை போட்டா?"

ஷேக் நிமிர்ந்து பார்த்தார். 

"சொல்லுங்க ஷேக். தொளை போட்டா, போட்டது யாரு?"

"நீ," என்றார் ஷேக்.

முக்பில் திரும்பிக் கீழே நடந்தான். தன் வயலுக்குப் போனான். சூரியத் தகட்டிலிருந்து வந்த கம்பியைப் பிடுங்கினான். மோட்டார் நின்றது. வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த நீர் மெலிந்து, அறுந்து, மண்ணுக்குள் போனது. படிவயலின் தடுப்புச் சுவரிலிருந்து ஒரு கல்லை இரண்டு கையாலும் பெயர்த்து எடுத்தான். கிணற்றுக்குள் போட்டான். சத்தம் வர நேரம் ஆனது.

அவன் அடுத்த கல்லுக்குக் குனிந்தபோது மஹ்யூப் ஓடிவந்து கையைப் பிடித்தான். அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டான். மேலே துளை இன்னும் விழவே இல்லையே என்றான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல விழும். போட்டவன் கெணத்த ஊர் மூடணும். நீயும் ஊர்தானே. கல்லத் தூக்கு."

மஹ்யூப் தூக்கவில்லை. முக்பில் தானே தூக்கினான். மூன்றாவது கல்லில் குழாய் நசுங்கும் சத்தம் கேட்டது. அந்தக் கிணறுதான் அவன் வீட்டுச் சமையலுக்கும், ஆடுகளுக்கும், அந்த மரங்களுக்கும். தகப்பன் தோண்டியது. பிறகு அவன் அடியில் துளை போட்டு ஆழப்படுத்தினான். மலை முழுக்க எல்லோரும் ஆழப்படுத்திய காலம் அது. அப்போது எந்தக் கிணறு அதனால் வற்றியது என்று அவன் விசாரித்ததில்லை. கல்லைப் போட்டபடியே அதுவும் நினைவுக்கு வந்தது. எங்கே வற்றியது என்று இப்போது தெரிந்தது போலிருந்தது. அவன் மேலே நாஜியின் வயலைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு அவன் மனைவி தகிய்யா வெளியே வந்தாள். மாவு ஒட்டிய கையோடு கிணற்றடியில் நின்று பார்த்தாள். என்ன நடந்தது என்று மஹ்யூபிடம் கேட்டாள். அவன் சொன்னான்.  முக்காட்டை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் அண்ணன் எதிரில் போய் நின்றாள்.

கலியாணமான இத்தனை வருஷத்தில் அவள் ஒரே ஒரு முறை புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு நாஜியின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நாஜி அவளைக் காரணம் கேட்கவில்லை. மெத்தையை விரித்துப் போட்டு, முக்பில் வந்து ஒரு ஆடு அறுத்து மன்னிப்புக் கேட்கும் வரை அவளை அனுப்பவில்லை. ஊரில் அதை இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"அண்ணே," என்றாள். "புருஷன் அடிச்சா கோவிச்சுக்கிட்டு வர எனக்கு ஒரு வாசல் இருந்துச்சு. இப்ப என் வீட்டுத் தண்ணிய நிறுத்துனது நீ. நான் எந்த வாசலுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போக?"

 அவள் பதிலுக்கு நிற்கவில்லை. இறங்கிப் போய்க் கணவனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தாள்.

ஷம்சான் இதையெல்லாம் வண்டியின் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பல ஊரில் அவன் வண்டிச் சக்கரத்தைச் சுட்டிருக்கிறார்கள். சாபம் போட்டிருக்கிறார்கள். ஒரு முறை பாம்பை உள்ளே விட்டார்கள். தனக்காக ஒருவன் தன் கிணற்றை மூடி அவன் பார்த்ததில்லை. அதோடு இன்னொரு கணக்கும் அவனிடம் இருந்தது. முகம் எல்லை வரைக்கும்தான். அதற்கப்பால் பெட்ரோல் குப்பியோடு இந்தப் பையன்கள் வந்தால் கேட்க ஆள் இல்லை.

எழுந்து போய்க் கோபுரத்தை மடக்கினான். கீழே நின்ற முக்பிலைக் கூப்பிட்டு, தன்னைக் கணவாய் வரை கொண்டுவிடச் சொன்னான்.

நாஜி எழுந்தான். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் யாரும் போகக் கூடாது என்றான். ஷம்சான் காது கேளாதவன் போலக் கதவைத் திறந்தான். நாஜி துப்பாக்கியைத் தூக்கி அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்தான்.

எல்லாம் அப்படியே நின்றது.

முக்பில் கல்லைக் கீழே போட்டுவிட்டு மேலே வந்தான். ஓடவில்லை. வந்து ஷம்சானுக்கு முன்னால் நின்று துப்பாக்கியை நாஜியின் மேல் திருப்பினான்.

"எறக்குங்க மச்சான். அவரு என் முகத்துல இருக்காரு."

"அந்த முகத்த நான்தாண்டா உங்கிட்ட வாங்குனேன்."

"வாங்குனது நீங்க. வச்சிருக்கறது நான்."

பின்னால் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. வண்டியைக் கொளுத்த வந்த அதே பையன்கள். இப்போது ஓட்டுநரைக் காப்பாற்ற நாஜியைக் குறிபார்த்தார்கள். வழக்கம் அப்படித்தான் சொன்னது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெளிந்த நிம்மதி அவர்கள் முகத்தில் இருந்தது. மஹ்யூப் அண்ணனுக்கு வலப்பக்கம் வந்து நின்றான்.

ஷேக் எழுந்திருக்கவில்லை. "நாஜி," என்றார். "சுட்டா, நீ இந்த ஊர்க்காரன் இல்ல. ஒன் புள்ளைங்களும் இல்ல."

நாஜி துப்பாக்கியை இறக்கவில்லை.  கீழே தகிய்யா கல் போடும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அவள் மேலே பார்க்கவே இல்லை. அந்தச் சத்தம் இன்னொரு முறை கேட்டதும் நாஜி துப்பாக்கியை இறக்கினான். காய்ந்த மரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்தான்.

"என் மரத்துக்கு என்னடா பதில்?" என்று கேட்டான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. 

லாரி இறங்கியது. முக்பில் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் தோல் உரிந்திருந்தது. சந்தில் பெண்கள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். பையன்கள் குறுக்குப் பாதையில் ஓடிப் போய் லாரிக்கு முன்பே கணவாயில் நின்றார்கள்.

சங்கிலியருகே ஷம்சான் நிறுத்தினான். இறங்கிக்கொள்ளலாம், உங்கள் பொறுப்பு இதோடு முடிந்தது என்றான். மஹ்யூப் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

இனி எங்கே போவாய் என்று முக்பில் கேட்டான்.

ஷம்சான் முதலில் சொல்ல விரும்பவில்லை. பிறகு மோவாயால் காட்டினான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். ஒருவர் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார். அங்கே சங்கிலி, உடன்படிக்கை எதுவும் கிடையாது.

முக்பில் மலையைப் பார்த்தான். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று மேலே நிற்பவர்கள்தான் சொல்கிறார்கள். கீழே இருப்பது ஒரே தண்ணீர். அது எல்லோருக்கும் தெரியும். ஷம்சானுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

"எறங்குண்ணே," என்றான் மஹ்யூப்.

"நான் எறங்குற வரைக்கும் இவரு பண்றதெல்லாம் நான் பண்றதுதானே?"

"ஆமா."

"அப்ப சங்கிலிய எறக்கு."

முக்பில் கதவை இழுத்துச் சாத்தினான். மஹ்யூப் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். பிறகு சங்கிலியை இறக்கினான்.

ஷம்சான் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, அந்த ஊரிலும் கூடவே உட்கார்ந்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டான். ஆமாம் என்றான் முக்பில். அங்கே கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டான். தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்வேன் என்றான் முக்பில். உன்னை யாரும் தொடாமலும் பார்த்துக்கொள்வேன், நீ போடும் துளைக்கு ஈடும் நானே கொடுப்பேன் என்றான்.

"எத்தன நாளைக்குண்ணே இப்படி?" என்றான் ஷம்சான்.

முக்பில் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

லாரி நகர்ந்தது. கணவாய்க்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும், இன்னொன்று நகரத்துக்கு இறங்கும். ஷம்சான் பிரிவில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். வாய்க்குள் எதையோ திட்டினான். பிறகு நகரத்துப் பாதையில் திருப்பினான்.

முக்பில் அப்போதும் இறங்கவில்லை.